இன்சுலின் கண்ட இளைஞர்

மருத்துவராக விளங்கவேண்டும் என்னும் ஆவல் இளைஞர் பலருடைய உள்ளத்தில் எழுவது இயல்பே. நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்த்து, மருந்து கொடுத்து, படுத்தவனை எழுந்து நடக்கச் செய்வது யாவர் கண்ணுக்கும் புலனாகும் தொண்டு. அம்மருந்து எங்குப் பிறந்தது, அதன் அளவை யார் வரையறுத்தார், நோயாளியின் இரத்தத்தைச் சோதித்து உண்மை கூறியவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. உடலியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் முதலிய துறைகளில் இளநிலைப் பட்டத்துக்குப் பயிலும் மாணவனை நோக்கி, "மருத்துவம் படிக்காமல் இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று உறவினர் வினவுவதுண்டு. 1921ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், கனடா நாட்டு டொராண்டோ நகரில், அவ்வினாவுக்கு விடையாக ஒரு நிகழ்ச்சி நடைபெற்றது.

நீரிழிவு நோய் மனிதனுக்குப் பழைய பகை. நாம் உண்ணும் உணவிலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. உடலின் உயிரணுக்கள் அதனை ஏற்று எரிபொருளாகக் கொள்ளவேண்டும். ஏற்கும் ஆற்றல் குன்றிவிட்டால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிச் சிறுநீரில் வழிந்தோடும். நிறைந்த களஞ்சியத்தின் நடுவே ஒருவன் பட்டினி கிடப்பது போன்றது இந்நோய். உடல் தன் கொழுப்பையே எரித்து வாழ முற்படும். அதனால் உண்டாகும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் மிகுந்து, நோயாளி தன்னினைவு இழந்து மாள்வான். சிறுவர்களைப் பற்றும் வகையே மிகக் கொடியது. இன்சுலின் தோன்றுவதற்கு முன்னர், இந்நோய் கண்ட குழந்தை ஓரிரண்டு ஆண்டுக்கு மேல் உயிர் வாழ்வது அரிது. உணவை மிகக் குறைத்து நாளைத் தள்ளிப்போடுவது ஒன்றே மருத்துவர் அறிந்த வழி. நோயால் இறவாதவன் பசியால் இறந்தான் என்றே கூறவேண்டும்.

இந்நோய்க்கும் கணையத்துக்கும் தொடர்புண்டு என்பது 1889ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஸ்டிராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் கணையத்தை நீக்கினர். அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1869இல், பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் கணையத்தினுள் தனித்தனித் திட்டுகளாக அமைந்த உயிரணுக் கூட்டங்களைக் கண்டு எழுதியிருந்தார். கடலிடையே தீவுகள் போல் கிடந்த அத்திட்டுகளின் தொழில் யாது என அவர் அறியவில்லை. அப்போது அவர் பெர்லின் நகரில் மருத்துவம் பயின்ற இருபத்தொரு வயது மாணவர். இவ்வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு மாணவர் நிற்பது போலவே இதன் நடுவிலும் ஒரு மாணவர் நிற்கிறார்.

அவர் சார்லஸ் ஹெர்பர்ட் பெஸ்ட். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மெயின் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய வெஸ்ட் பெம்புரோக் என்னும் சிற்றூரில், 1899ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் கனடா நாட்டினர். தந்தையார் நாட்டுப்புற மருத்துவர். மைந்தரும் மருத்துவராகவே விரும்பினார். அவருடைய அத்தை ஒருவர் நீரிழிவு நோயினால் உயிர் நீத்தார். முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் படையிற் சேர்ந்து கடல் கடந்து சென்ற பெஸ்ட், போர் ஓய்ந்ததும் டொராண்டோப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அங்கு அவர் மேற்கொண்டது உடலியலும் உயிர்வேதியியலும் இணைந்த சிறப்புப் பாடம். அதில் இளங்கலைப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்வியில் இறங்குவது என்பது அவர் திட்டம்.

இத்தகைய முறை அந்நாடுகளில் அப்போதுதான் வேரூன்றி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நுழைவதற்குக் கட்டணம் இருந்தாற் போதும். அடிப்படை அறிவியலைக் கேட்பார் இல்லை. 1893ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரில் திறக்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இவ்வழக்கத்தை மாற்றியது. முன்னரே ஒரு பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். வேதியியல், இயற்பியல், உயிரியல் ஆகியவற்றைக் கற்றிருத்தல் வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் படிக்கத் தெரிந்திருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. 1910ஆம் ஆண்டில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். கல்லூரிக் கல்வி ஈராண்டாவது பெற்றவரையே சேர்த்துக்கொண்டவை அவற்றுள் பதினாறே எனக் கண்டார். இத்தனைக்கும் பிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர். பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர்! அவர் நற்சான்று அளித்த சில கல்லூரிகளுள் டொராண்டோவும் ஒன்று. இன்றும் அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் இளநிலைப் பட்டத்துக்குப் பின்னரே மருத்துவக் கல்வி தொடங்குகிறது. இந்தியாவிலோ பள்ளிக் கல்வி முடிந்தவுடன் நேரே மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் முறை நிலவுகிறது. இவ்விரண்டில் எது சிறந்தது என்பது இன்றும் அறிஞரிடையே முடிவுறாத வழக்கு.

நிற்க. பெஸ்ட் தம் இறுதித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், பிரெடெரிக் பான்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவர் ஒரு கருத்தைச் சுமந்துகொண்டு அப்பல்கலைக்கழகத்துக்கு வந்து சென்றார். 1920ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில், ஓர் இரவு, கணையத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை அவர் படித்தார். கணையத்தின் நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி நலிந்துவிடும். லாங்கர்ஹான்ஸ் கண்ட திட்டுகள் மட்டும் எஞ்சும். அவற்றின் சாற்றைப் பிழிந்தெடுத்தால் நீரிழிவு தீரலாம் என்று அவர் எண்ணினார். உடலியல் பேராசிரியர் மக்ளவுட் முதலில் ஐயுற்றார். பான்டிங்கிடம் ஊக்கம் இருந்தது. போர்க்களத்தில் அறுவை செய்து பழகிய கை இருந்தது. ஆனால் போர்க்கால நெருக்கடியில் விரைவாக நடத்தி முடிக்கப்பட்ட மருத்துவக் கல்வி அவருக்கு ஆராய்ச்சிப் பயிற்சியைத் தரவில்லை. ஒரு சொட்டு இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்து கூற அவரால் இயலாது. எனவே, மக்ளவுட் சில நாய்களையும் ஆய்வுக்கூடத்தில் ஓரிடத்தையும் கொடுத்ததுடன், துணைக்குத் தம் மாணவர் இருவரையும் காட்டினார். ஒருவர் பெஸ்ட், மற்றவர் கிளார்க் நோபிள். கோடை விடுமுறையைப் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொள்வது என இருவரும் முடிவு செய்தனர். யார் முதலில் செல்வது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தனர் என்றும், பெஸ்டுக்கு முதல் முறை வாய்த்தது என்றும் கூறுவர். நோபிளின் முறை வந்தபோது வேலை பாதியில் நின்றதால் பெஸ்டே தொடர்ந்தார். வரலாறு இத்தனை மெல்லிய நூலிலும் தொங்குவதுண்டு.

1921ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் பணி தொடங்கியது. பான்டிங் கத்தியை எடுத்தார். பெஸ்ட் சோதனைக் குழாயை எடுத்தார். பெஸ்ட் செய்த தொழிலைச் சிறிது விளக்கமாக அறிதல் நலம். நாயிடமிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தில் பிக்ரிக் அமிலக் கரைசலைச் சேர்த்தால் புரதம் திரண்டு படியும். அதனை வடிகட்டி நீக்கித் தெளிந்த நீரில் சோடியம் கார்பனேட்டு இட்டுச் சூடேற்றினால், அதிலுள்ள சர்க்கரை மஞ்சள் நிறத்தைச் செந்நிறமாக மாற்றும். சர்க்கரை மிகுந்திருந்தால் செம்மையும் மிகும். சர்க்கரை அளவு தெரிந்த மற்றொரு கரைசலின் நிறத்தோடு அதனைக் கருவியில் ஒப்பிட்டுக் கணக்கிட வேண்டும். சிறிதளவு இரத்தம் போதுமானதாக இருந்தமையால், ஒரே நாயை ஒரே நாளில் பலமுறை சோதிக்க முடிந்தது. முந்தைய தலைமுறை ஆராய்ச்சியாளருக்கு இவ்வசதி இல்லை. சிறுநீரில் கழியும் சர்க்கரையையும் நைட்ரஜனையும் அளந்து இரண்டின் விகிதத்தைக் காண்பதும் பெஸ்டின் வேலையே. இவை யாவும் அவர் தம் பட்டப் படிப்பில் கற்றவை.

கற்றதைச் செய்வதிலும் தவறு நேர்வதுண்டு. தொடக்க நாள்களில் பெஸ்டின் அளவைகளில் பான்டிங்குக்கு நிறைவு ஏற்படவில்லை. கரைசல்கள் சரியாக இல்லை, கண்ணாடிக் கலங்கள் தூய்மையாக இல்லை என்று அவர் ஒருநாள் கடிந்துகொண்டார். பெஸ்ட் மறுமொழி பேசாமல் அன்றிரவு முழுவதும் ஆய்வுக்கூடத்திலேயே இருந்து, பழைய கரைசல்களை ஊற்றிவிட்டுப் புதியன செய்து, கலங்களையெல்லாம் கழுவி அடுக்கிவைத்தாராம். பான்டிங்கே பின்னாளில் இதனை எழுதிவைத்தார். நிறத்தைக் கண்டு அளவைக் கணிக்கும் முறையில், கலத்தில் ஒட்டிய சிறு அழுக்கும் கணக்கைப் பிழையாக்கும். பிழையான கணக்கு, பயனற்ற சாற்றைப் பயனுள்ளதாகவும் பயனுள்ளதைப் பயனற்றதாகவும் காட்டிவிடும். அந்த இரவுக்குப் பிறகு இருவருக்கும் இடையே மனக்கசப்பு நீங்கியது.

அறுவையிலும் தோல்விகள் நேர்ந்தன. நாளங்களைக் கட்டிய நரம்பிழைகள் கரைந்துபோனமையால், பட்டு நூலால் மீண்டும் கட்டவேண்டியதாயிற்று. நாய்கள் பல இறந்தன. பேராசிரியரோ கோடைக்காலத்தைக் கழிக்க ஸ்காட்லாந்துக்குச் சென்றுவிட்டார். இளைஞர் இருவரும் ஊதியமின்றி அந்த வெம்மையில் உழைத்தனர். ஜூலைத் திங்கள் 30ஆம் நாள், கணையம் நீக்கப்பட்ட நாயொன்றுக்குத் தாங்கள் எடுத்த சாற்றைக் குத்திச் செலுத்தினர். அப்போது அதன் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் சர்க்கரை இருந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பின் பெஸ்ட் சோதித்தபோது அது 120 மில்லிகிராமாகக் குறைந்திருந்தது. மறுநாள் காலையில் அந்நாய் இறந்துவிட்டது. எனினும், அந்தச் செந்நிறம் வெளுத்ததை அவர்கள் கண்டுவிட்டனர்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் தகாது. நாளத்தைக் கட்டவேண்டும் என்ற பான்டிங்கின் மூலக் கருத்தே தேவையற்றது என்பது சில திங்களில் புலனாயிற்று. ஆண்டின் இறுதிக்குள், கட்டாத மாட்டுக் கணையத்திலிருந்தே ஆல்ககாலின் துணைகொண்டு பயன்தரும் சாற்றை எடுக்க முடிந்தது. கருத்து விலகியது; அளவை நின்றது. அளவை இல்லாதிருந்தால் அக்கருத்து தேவையற்றது என்பதையும் அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

டிசம்பர்த் திங்களில் ஜேம்ஸ் பெர்ட்ராம் காலிப் என்னும் உயிர்வேதியியலார் குழுவிற் சேர்ந்தார். அவரும் டொராண்டோவில் பயின்றவரே; பெஸ்ட் கற்ற அதே உடலியல், உயிர்வேதியியல் பாடத்தில் 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர். 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், டொராண்டோப் பொது மருத்துவமனையில் கிடந்த லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு, பான்டிங்கும் பெஸ்டும் ஆயத்தம் செய்த சாறு செலுத்தப்பட்டது. அச்சிறுவனின் எடை 65 பவுண்டே. சர்க்கரை 440இலிருந்து 320 ஆகக் குறைந்தது. ஆனால் சாற்றில் மாசு இருந்தமையால் ஊசி குத்திய இடம் வீங்கிப் புண்ணாயிற்று. அமிலப் பொருள்களும் நீங்கவில்லை. சிகிச்சை நிறுத்தப்பட்டது. அந்தப் பன்னிரண்டு நாள்கள் லியோனார்டின் பெற்றோருக்கு எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

காலிப் இரவு பகலாக முயன்றார். ஆல்ககாலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தினால் மாசுகள் முதலில் படிந்துவிடும்; செறிவு நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியதும் மருந்துப் பொருள் தானே படியும் என்று கண்டார். அங்ஙனம் தூய்மை செய்த சாற்றை ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் செலுத்தினர். ஒரே நாளில் 520 ஆக இருந்த சர்க்கரை 120க்கு இறங்கியது. அமிலப் பொருள்கள் மறைந்தன. எழ வலுவற்றுக் கிடந்த சிறுவன் தெளிந்தான். அவன் 1935ஆம் ஆண்டு வரை உயிர் வாழ்ந்தான்.

இக்குழுவினர் ஒற்றுமையே உருவாக நின்று உழைத்தனர் என்று எழுதினால் அது மெய்யாகாது. பெருமை யாருக்கு என்பதில் பிணக்கு எழுந்தது. பான்டிங்குக்கும் காலிப்புக்கும் இடையே கடுஞ்சொற்கள் நிகழ்ந்தன. அதனினும் பெரிய இடர் ஒன்று பின்னர் வந்தது. சிறு கலத்தில் செய்த மருந்தைப் பெருமளவில் செய்யமுற்பட்டபோது அது கைகூடவில்லை. முன்பு செய்த அளவில் செய்தாலும் வரவில்லை. 1922ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில், பயன் கண்ட நோயாளிகளுக்கே கொடுக்க மருந்தின்றிக் கைபிசைந்து நின்றனர். மருந்தே இல்லை என்ற நிலையைவிட, இருந்து இல்லாமற் போன நிலை கொடிது. பெஸ்ட் உள்ளிட்டோர் ஆல்ககாலுக்கு மாற்றாக அசிட்டோனைப் பயன்படுத்தினர். சாற்றைத் தட்டங்களில் ஊற்றி அதன்மேல் வெப்பக் காற்றை வீசச் செய்து, மிகுந்த சூடின்றி வற்றவைத்தனர். மே மாதத்தில் மருந்து திரும்பவும் கிடைத்தது. பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கன்னாட் ஆய்வுக்கூடத்தில் இன்சுலின் தயாரிக்கும் பொறுப்பு பெஸ்டிடம் வந்தது. இருபத்து மூன்று வயதில் அவர் மருத்துவ மாணவராகவும் இன்சுலின் தயாரிப்பாளராகவும் ஒருங்கே விளங்கினார். பாடம் கேட்டுவிட்டுத் தயாரிப்புக் கூடத்துக்குச் செல்வது அவர் வாழ்க்கையாயிற்று.

1923ஆம் ஆண்டு ஜனவரியில் பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் இன்சுலினுக்குரிய காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர். அவ்வாண்டின் நோபெல் பரிசு பான்டிங்குக்கும் மக்ளவுட்டுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்டின் பெயர் விடுபட்டதை அறிந்து பான்டிங் சினங்கொண்டார். தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கு அளிப்பதாக அறிவித்தார். மக்ளவுட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கு ஈந்தார். பரிசுப் பணத்தைப் பகிரலாம். பரிசுப் பட்டியலில் பெயரைச் சேர்க்க இயலாதன்றோ? அக்குறை பெஸ்டைப் பல்லாண்டு உறுத்தியது என்பர்.

1925ஆம் ஆண்டில் பெஸ்ட் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆயினும் அவர் நோயாளியின் படுக்கையருகே செல்லும் தொழிலை மேற்கொள்ளவில்லை. இலண்டன் சென்று ஹென்றி டேலிடம் ஆராய்ச்சி பயின்று திரும்பி, 1929ஆம் ஆண்டில், முப்பதாம் வயதில், மக்ளவுட் அமர்ந்திருந்த உடலியல் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் பொருளைத் தூய்மை செய்து மருத்துவத்துக்கு ஏற்றதாக்கும் பணியை அவருடைய ஆய்வுக்கூடம் நடத்தியது. அப்பொருளை 1916ஆம் ஆண்டில் முதலில் கண்டவர் ஜே மக்ளீன். அவரும் அப்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் மருத்துவ மாணவர்!

உடலியல், உயிர்வேதியியல் முதலியவற்றோடு மரபியல், நோய்த்தடுப்பியல், மருந்தியல், புள்ளியியல் ஆகியனவும் சேர்ந்து, இன்று உயிர்மருத்துவ அறிவியல் என்னும் பெயரால் பல நாடுகளில் இளநிலைப் பட்டப் படிப்பாக நடத்தப்படுகின்றன. அதனைக் கற்றோரில் ஒரு பகுதியினர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்கின்றனர். ஏனையோர் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் இரத்தத்தையும் திசுக்களையும் சோதிக்கின்றனர். மருந்து ஆக்கும் நிறுவனங்களிலும், பொதுச் சுகாதாரத் துறையிலும், ஆராய்ச்சியிலும் அமர்கின்றனர். மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாதவர் ஒதுங்கும் நிழல் என்று இப்படிப்பைக் கருதுவது அறியாமை. நோய் இன்னதென்று மருத்துவர் எழுதும் முன்னர், பல நேரங்களில், அவர் மேசைமேல் ஆய்வுக்கூடத்தின் தாள் ஒன்று வந்து கிடக்கிறது. அத்தாளிலுள்ள எண்ணை நம்பியே மருந்தின் அளவு முடிவாகிறது. பெஸ்ட் ஓர் இரவு முழுதும் கலங்களைக் கழுவியதற்கு அதுவே காரணம்.

பெஸ்ட் 1978ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் காலமானார். அவ்வாண்டிலேயே, நுண்ணுயிரிகளைக்கொண்டு மனித இன்சுலினை ஆக்கமுடியும் என்று கலிபோர்னியா அறிவியலார் காட்டினர். 1982 முதல் அது நோயாளிகளுக்குக் கிடைக்கலாயிற்று. மாட்டுக் கணையத்தையும் பன்றிக் கணையத்தையும் எதிர்நோக்கும் காலம் மெல்ல மறைந்தது. பெஸ்ட் விட்டுச்சென்றவற்றுள் ஒரு பாடநூலும் உண்டு. நார்மன் டெய்லர் என்பவரோடு சேர்ந்து, மருத்துவத் தொழிலுக்கு அடிப்படையான உடலியலை விளக்கி அவர் எழுதிய பெருநூல் 1937ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதிப்புக்கு மேல் பதிப்பாக வளர்ந்த அந்நூலை, இந்திய மருத்துவக் கல்லூரி மாணவரும் நூற்பெயரைச் சொல்லாமல் 'பெஸ்ட்–டெய்லர்' என்றே வழங்கினர். கணையத்தைப் பற்றிய பகுதியைத் தேர்வுக்காக இரவில் விழித்திருந்து படித்த மாணவர் பலருக்கு, அட்டையிலுள்ள பெயருக்குரியவர் அந்தச் சாற்றை முதன்முதலில் அளந்தபோது தம் வயதினரே என்பது தெரிந்திராது.